மும்முனை மின்சாரத்தில் ஃபேஸ் வரிசை பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்து மோட்டார், அரிசி ஆலை, சிறு பட்டறை என்று கொங்குப் பக்கத்தில் பல வருடங்களாக வயரிங் வேலை பார்க்கிறேன். "மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துதுங்க, என்ன பண்றது?" என்று வாரம் ஒருவராவது போனில் கேட்கிறார்கள். ரெண்டு வயரை மாற்றிப் போடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எந்த ரெண்டு வயர், எந்த இடத்தில், அதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் மோட்டார் பிழைப்பதும் புகைவதும் இருக்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபேஸ் வரிசை என்றால் என்ன?

மூன்று ஃபேஸ் கம்பிகளிலும் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு ஏற்ற இறக்கத்துக்கு 20 மில்லி நொடி. மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. சிவப்பு உச்சம் தொட்டு 6.67 மில்லி நொடி கழித்து மஞ்சள் தொடும், அதிலிருந்து இன்னொரு 6.67 மில்லி நொடி கழித்து நீலம், அப்புறம் மறுபடி சிவப்பு. இந்த முறைதான் ஆர், ஒய், பி (ரெட், எல்லோ, புளூ) வரிசை. மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலம் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடுகிறது. வரிசை மாறினால் காந்தப்புலம் எதிர்ப்பக்கம் சுற்றும், ரோட்டரும் கூடவே திரும்பிவிடும்.

மூன்று வயரையும் மாற்றிப் போட்டேன், மோட்டார் திசை மாறவே இல்லையே?

மாறாது. மூன்று பேர் வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராகக் கைதட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு இடம் நகர்ந்து நின்றாலும் கைதட்டல் அதே பக்கமாகத்தான் சுற்றி வரும். இரண்டு பேர் மட்டும் இடம் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும்.

மூன்று வயரை ஆறு விதமாகப் பொருத்தலாம். ஆர்-ஒய்-பி, ஒய்-பி-ஆர், பி-ஆர்-ஒய் மூன்றும் ஒரே திசை. ஆர்-பி-ஒய், பி-ஒய்-ஆர், ஒய்-ஆர்-பி மூன்றும் எதிர்த்திசை. அதனால் ஏதாவது இரண்டு வயரை மட்டும் மாற்றினால் போதும், மூன்றாவதைத் தொடவே கூடாது.

டெஸ்டர் அல்லது மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. டெஸ்டர் கரன்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். மல்டிமீட்டரில் ஆர்-ஒய் 415, ஒய்-பி 415, பி-ஆர் 415 என்று வரும். வரிசை தலைகீழாக இருந்தாலும் இதே மூன்று எண்கள்தான். யார் முன்னால், யார் பின்னால் என்ற நேரக் கணக்கை வோல்ட் மீட்டர் பார்ப்பதில்லை.

ஆனாலும் மல்டிமீட்டர் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். மூன்று ஜோடியிலும் வோல்ட் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வரிசை மீட்டர் சொல்வதை நம்பலாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

எந்தக் கருவி வாங்கலாம்?

ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். மூன்று வகை உண்டு.

பழைய வகையில் ஒரு சிறிய வட்டத் தகடு சுற்றும். உள்ளே இருப்பது குட்டி மும்முனை மோட்டார்தான். அம்புக்குறி இருக்கும் பக்கம் சுற்றினால் வரிசை சரி. கண்ணால் பார்த்து நம்ப முடிகிறது என்பதால் எனக்கு இன்றும் இதுதான் பிடிக்கும். ஆனால் இதை நெடுநேரம் இணைத்தே வைத்திருக்கக் கூடாது, சுருள் சூடாகிவிடும். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருப்பார்கள்.

இரண்டாவது எல்.இ.டி. வகை. மூன்று விளக்குகள் மூன்று ஃபேஸும் இருக்கின்றன என்று காட்டும், இன்னும் இரண்டு விளக்குகள் வலமா இடமா என்று காட்டும். மூன்றாவது, வயரின் தோலுக்கு மேலேயே கவ்வி மாட்டுவது. செம்பைத் தொட வேண்டியதில்லை என்பதால் நெருக்கமான பேனலில் இது பெரிய பாதுகாப்பு.

எதை வாங்கினாலும் கேட் 3 (CAT III), 600 வோல்ட் என்ற பாதுகாப்புக் குறியாவது மீட்டரிலும் அதன் லீடிலும் (சோதனை வயரிலும்) இருக்கட்டும். மீட்டரில் மட்டும் இருந்து லீட் மலிவாக இருந்தால் பயனில்லை, கை பிடித்திருப்பது லீடைத்தான்.

சோதனையை எப்படிச் செய்வது, படிப்படியாகச் சொல்லுங்கள்.

மெயின் பேனலில் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் அந்த பேனலில் இருந்து ஓடும் மோட்டார்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, கரன்ட் இல்லை என்பதை வோல்ட் மீட்டரில் பாருங்கள். அந்த மீட்டரே வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் கரன்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பழுதான மீட்டரும் சுழி வோல்ட்தான் காட்டும்.

அப்புறம் மீட்டரின் மூன்று முதலைக் கிளிப்பையும் மாட்டுங்கள்: எல் 1 சிவப்பில், எல் 2 மஞ்சளில், எல் 3 நீலத்தில். கிளிப்பின் பற்கள் பக்கத்து டெர்மினலைத் தொடவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு ஆன் செய்யுங்கள். தகடு அம்புப் பக்கம் சுற்றினால் ஆர்-ஒய்-பி. காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஆஃப், பூட்டு, வோல்ட் பார்த்தல், அதன் பிறகே கிளிப்பைக் கழற்றுதல்.

கரன்ட் ஓடும்போதே புரோபை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பயிற்சி, கையுறை, காலடியில் ரப்பர் மேட், பக்கத்தில் ஒரு ஆள் எல்லாம் இருந்தால்கூட, ஆஃப் செய்ய வழி இருக்கும் இடத்தில் ஆஃப் செய்துதான் நான் மாட்டுகிறேன்.

மீட்டர் சரி என்று காட்டியது, ஆனால் ஒரு ஃபேஸே வரவில்லை. இது எப்படி?

கீழே வருகிறது என்று மேலே சொன்ன காரணம் இதுதான். ஒரு ஃப்யூஸ் போயிருக்கும்போது, அதே லைனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் மீதி இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே ஓடும். அப்படி ஓடும் மோட்டார், செத்துப்போன மூன்றாவது கம்பியில் தானே வோல்டேஜ் உண்டாக்கித் திருப்பி அனுப்பும். வரிசை மீட்டரின் மூன்றாவது விளக்கும் எரியும், வரிசையையும் சரியாகவே காட்டும். மல்டிமீட்டரில் பார்த்தால் மட்டும் அந்த ஜோடிகளில் வோல்ட் கொஞ்சம் குறைவாக இருக்கும். எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

சிங்கிள் பேசிங் வேறு, வரிசை மாறுவது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாவதில் ஒரு ஃபேஸ் இல்லை, மோட்டார் சூடேறிச் சுருள் எரியும். இரண்டாவதில் மூன்றும் முழுசாக இருக்கின்றன, திசைதான் தப்பு. ஸ்டார்ட்டரில் இருக்கும் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) எல்லாமே வரிசையையும் பார்க்கும் என்று நினைக்க வேண்டாம். சில மாடல் பார்க்கும், சில பார்க்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

போர்வெல் மோட்டார் கண்ணுக்கே தெரியாதே, அது சரியான பக்கம் சுற்றுகிறதா என்று எப்படித் தெரியும்?

அதிகம் ஏமாற்றுவது இதுதான். ரிவர்ஸில் சுற்றினால் பம்ப் தண்ணீரை உறிஞ்சி கீழே தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் வீசும். இறக்கையின் வளைவு தப்பான பக்கம் இருப்பதால் அளவும் அழுத்தமும் குறையும், அவ்வளவுதான். அதனால் தண்ணீர் வருகிறது, ஆகவே திசை சரி என்று முடிவு கட்டக் கூடாது.

பல்லடம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. 450 அடி போர், 5 எச்.பி. சப்மர்சிபிள். மூன்று வாரமாகத் தண்ணீர் பாதிக்கும் கீழே. தோட்டக்காரர், "நெலத்தடித் தண்ணி கீழ போயிருச்சுங்க தம்பி, இன்னும் 200 அடி எறக்கோணும்" என்று போர் போடும் ரிக் வண்டிக்காரரிடம் பேசியே முடித்துவிட்டார். நான் போனபோது 20 லிட்டர் பக்கெட்டை டெலிவரி பைப்பில் பிடித்துப் பார்த்தோம், நிரம்ப 25 நொடி ஆனது. மூன்று வாரத்துக்கு முன் ஏதாவது வேலை நடந்ததா என்று கேட்டேன். சொட்டு நீர் பைப்புக்குக் குழி எடுக்கும்போது மோட்டார் ரூமுக்கும் போருக்கும் நடுவில் கேபிள் அறுந்துபோய் ஜாயின்ட் போட்டிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தோம். செம்மண் ஏறி மஞ்சள் எது, சிவப்பு எது என்று தெரியாத அளவுக்கு வயர் பழுத்திருந்தது. ஜாயின்ட்டின் இரு பக்கமும் வயரைத் துணியால் துடைத்த பிறகுதான் இரண்டு நிறமும் மாறிப் போயிருந்தது தெரிந்தது. மாற்றி முறுக்கி, வாட்டர் புரூஃப் ஜாயின்ட் போட்டு ஓட்டினோம். அதே பக்கெட் 9 நொடியில் நிரம்பி வழிந்தது. அவர் எதுவும் பேசவில்லை, பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று ரிக் வண்டிக்குப் போன் போட்டது அதற்கு அப்புறம்தான். அந்தப் போரில் தண்ணீர் மட்டம் ரொம்ப ஆழத்தில் இல்லாததால்தான் ரிவர்ஸிலும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. மட்டம் ஆழமாக இருந்திருந்தால் சொட்டுக்கூட வராமல், குளிர்விக்க ஓட்டம் இல்லாமல் மோட்டார் எரிந்திருக்கும்.

ஆகவே போர்வெல்லுக்கு என் முறை இது: ஒரு வரிசையில் ஓட்டி பக்கெட் நேரம் பாருங்கள். நிறுத்தி, பைப்பில் உள்ள தண்ணீர் அடங்கும்வரை சில நிமிடம் விட்டு, இரண்டு வயரை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். எதில் பக்கெட் சீக்கிரம் நிரம்புகிறதோ அதுதான் சரியான திசை. ஆம்பியரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ரிவர்ஸில் ஆம்பியர் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம், பம்பைப் பொறுத்தது.

ரிவர்ஸில் ஓடினால் மோட்டார் எரிந்துவிடுமா?

மேலே சொன்ன போர்வெல் மாதிரி, குளிர்விக்கத் தண்ணீர் ஓட்டம் இல்லாமல் போனால் தவிர, மோட்டாருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அடிபடுவது மோட்டார் எதை ஓட்டுகிறதோ அது.

ஸ்க்ரூ கம்ப்ரசர் சில நொடி ரிவர்ஸில் ஓடினாலே ஆபத்து, எண்ணெய் போக வேண்டிய பக்கம் போகாது. ஸ்க்ரோல் கம்ப்ரசர் சத்தம் போடும், சூடாகும், அழுத்தம் மட்டும் ஏறாது. பிஸ்டன் கம்ப்ரசர் இரண்டு பக்கமும் காற்றை அடைக்கும். ஆனால் அதன் ஃப்ளைவீல் இறக்கை காற்றை சிலிண்டர் மேல் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகு போட்டு இறுக்கிய இம்பெல்லர், அறுவை பிளேடு, சாணைக்கல் நட்டு இவையெல்லாம் தப்பான பக்கம் சுற்றினால் தானாகக் கழன்று வரக்கூடும். அரிசி ஆலையில் வாளி எலிவேட்டர் ரிவர்ஸில் ஓடினால் நெல் கீழேயே அடைத்துக்கொள்ளும்.

காற்றாடியில் ஒரு வித்தியாசம் உண்டு. சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ரிவர்ஸில் காற்றை உள்ளே தள்ளும், உடனே தெரிந்துவிடும். ஆனால் நத்தைக் கூடு போன்ற ப்ளோயர், பம்பைப் போலவே, எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் காற்றை விடும். கொஞ்சம் குறைவாக விடும். "காத்து வருதே" என்று ஆறு மாதம் அப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு குண்டு பல்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

உண்மைதான், பழைய ஆட்கள் செய்தது. ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று வயர் கிளை எடுத்து (இவற்றைத்தான் கை என்பது), நியூட்ரல் இல்லாமல் மூன்றின் மறுமுனையையும் ஒரு புள்ளியில் சேர்க்க வேண்டும். ஒரு கையில் கண்டென்சர், மற்ற இரண்டில் குண்டு பல்பு. இரண்டு பல்பு ஒரே அளவு எரியாது. வரிசை இப்படி வரும்: கண்டென்சர் உள்ள ஃபேஸ் முதல், பிரகாசமாக எரியும் பல்பு இரண்டாவது, மங்கலாக எரிவது மூன்றாவது.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கண்டென்சரின் தடையும் பல்பின் தடையும் சமமாக இருந்தால், பிரகாசமான கைக்கு ஃபேஸ் வோல்டேஜில் ஏறக்குறைய 1.5 மடங்கும் மங்கலான கைக்கு 0.4 மடங்கும் போகும். 240 வோல்ட் என்று எடுத்தால் 360 வோல்ட், 96 வோல்ட். 240 வோல்ட் பல்பு ஒன்றை மட்டும் போட்டால் 360 வோல்ட்டில் வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு கையிலும் இரண்டு பல்பு வரிசையாகப் போட வேண்டும். ஃபேனில் வரும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சருக்கு, ஒரு கைக்கு 100 வாட் பல்பு இரண்டு ஏறக்குறையப் பொருந்தும். கண்டென்சர் மேலேயே 320 வோல்ட்டுக்கு மேல் வரும் என்பதால் அது 440 வோல்ட் ஏ.சி. தாங்குவதாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பில் இந்த வித்தை நடக்காது.

இத்தனையும் சொன்னது விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக. திறந்த ஹோல்டர், முறுக்கிய வயர், 415 வோல்ட், அணைத்த பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும் கண்டென்சர், இவ்வளவும் தரையில் கிடக்கும். மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எரிந்த மோட்டாருக்குப் புதுச் சுருள் சுற்றும், அதாவது காயில் கட்டும் செலவை நினைத்துப் பார்த்தால் அது பெரிய விலையில்லை.

நிறத்தைப் பார்த்தே வரிசையைச் சொல்லிவிடலாமே?

நிறம் என்பது வயர் இழுத்தவர் கொடுத்த வாக்கு. அவ்வளவுதான் நம்பலாம்.

நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய இயந்திரத்தில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். அதாவது நம்முடைய நியூட்ரல் நிறம் அவர்களுக்கு ஃபேஸ், நம்முடைய ஃபேஸ் நிறம் அவர்களுக்கு நியூட்ரல். சீனத்தில் இருந்து வரும் இயந்திரத்தில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஃபேஸ் வரிசை இருக்கும், எர்த் பச்சையும் மஞ்சளும் கோடு போட்டதாக இருக்கும். அங்கே முழுப் பச்சை வயர் என்றால் 415 வோல்ட் லைன். பச்சைதானே என்று இயந்திரத்தின் உடம்பில் முடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னலாடைப் பட்டறைகளில் பல நாட்டு இயந்திரங்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. இணைப்பதற்கு முன் டெர்மினலில் எழுதியிருக்கும் எல் 1, எல் 2, எல் 3, என் (நியூட்ரல்), பி.இ. (எர்த்) என்பதைப் படியுங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

வரிசை தப்பு என்று தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் மாற்றுவது?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். எங்கே கெட்டதோ அங்கே மாற்ற வேண்டும். கைக்கு எட்டும் டெர்மினலில் மாற்றிவிட்டு வந்தால் பிரச்சினை தூங்கப் போகும், அவ்வளவுதான்.

ஒரு மோட்டார் மட்டும் ரிவர்ஸில் ஓடுகிறது, மற்றவை சரி என்றால் கோளாறு அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் பிறகு இருக்கிறது. காயில் கட்டி வந்த மோட்டார் என்றால் பெரும்பாலும் லீட் வெளியே எடுத்ததில் மாறியிருக்கும். அந்த மோட்டாரின் டெர்மினலிலேயே மாற்றுங்கள்.

பட்டறையில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நாளில் திரும்பிவிட்டன என்றால் மெயின் வரவில் மாறியிருக்கிறது. மீட்டர் பெட்டி இடம் மாற்றினார்களா, கேபிள் புதுசா என்று பாருங்கள். வரவில் ஒரே இடத்தில் இரண்டு வயர் மாற்றினால் எல்லாம் நேராகும். மோட்டார் மோட்டாராக மாற்றிக்கொண்டு போனவரின் பேனலில் அடுத்து வருபவர் எதையும் நம்ப முடியாது.

பக்கத்துத் தோட்டத்திலும் அதே நாளில் ரிவர்ஸ் என்றால் டிரான்ஸ்பார்மர் அல்லது லைன் பக்கம் மாறியிருக்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவசரப்பட்டு உங்கள் பக்கம் மாற்றிக்கொண்டால், அவர்கள் லைனைச் சரி செய்யும் நாளில் உங்கள் மோட்டார் மறுபடி திரும்பும், அதுவும் நீங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டார் பக்கம் ஆறு வயர் இருக்கிறது. எந்த இரண்டு?

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும். அந்த ஆறையும் தொடாதீர்கள். ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று வயரில் இரண்டை மாற்றுங்கள். ஆறில் இரண்டை மட்டும் மாற்றினால் ஸ்டாரில் ஒரு பக்கம், டெல்டாவில் எதிர்ப்பக்கம் என்று முறுக்கு வர வாய்ப்பு உண்டு. ஓடுகிற மோட்டாரை அது பிடித்து நிறுத்தித் திருப்பும், கப்ளிங் உடையும், ஃப்யூஸ் போகும்.

வி.எஃப்.டி. இருந்தால்?

வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அது வரும் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கிவிட்டு, பிறகு தானே புதுசாக மூன்று ஃபேஸ் செய்கிறது. அதனால் வரவில் வரிசை எப்படி இருந்தாலும் மோட்டார் திசை மாறாது. மாற்ற வேண்டும் என்றால் வெளியே போகும் மூன்றில் இரண்டை மாற்றுங்கள், அல்லது அதன் செட்டிங்கிலேயே திசையை மாற்றுங்கள். வெளியே போகும் பக்கத்தில் சாதாரண வரிசை மீட்டரை மாட்ட வேண்டாம், அந்தத் துண்டு துண்டான வோல்டேஜில் அது தப்பாகக் காட்டலாம். ஒன்றை மறக்காதீர்கள்: பைபாஸ் இருக்கும் பேனலில் பைபாஸ் ஓடும்போது வி.எஃப்.டி.யைத் தாண்டி லைன் மின்சாரமே மோட்டாருக்குப் போகும். அப்போது வரவு வரிசையும் சரியாக இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் மோட்டார் ரிவர்ஸ் ஆகிறது.

ஜெனரேட்டரின் வரிசை லைனோடு ஒத்துப்போகவில்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்சின் இரண்டு பக்கமும், லைன் பக்கம் ஒரு தடவை, ஜெனரேட்டர் பக்கம் ஒரு தடவை, ஒரே மாதிரி கிளிப் மாட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் பக்கம் இரண்டு வயர் மாற்றினால் சரியாகிவிடும். கல்யாண மண்டபத்தில் கரன்ட் போன நேரத்தில் லிஃப்ட் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். லிஃப்ட்டில் வரிசை பார்க்கும் ரிலே உண்டு, தப்பான வரிசை வந்தால் ஓட விடாது. அந்த ரிலேவை ஷார்ட் செய்து லிஃப்ட்டை ஓட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், ஆள் ஏறும் பெட்டி அது.

இரண்டு ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்ட வரிசை ஒன்றாக இருந்தால் போதுமா?

போதாது. ஆர்-ஒய்-பி, ஒய்-பி-ஆர் இரண்டுக்கும் வரிசை மீட்டர் ஒரே பதில்தான் சொல்லும். ஆனால் முதலாவதின் சிவப்புக்கு எதிரில் இரண்டாவதின் மஞ்சள் நிற்கும், நடுவில் 415 வோல்ட் வித்தியாசம். அப்படியே சுவிட்சை மூடினால் ஷார்ட் சர்க்யூட்தான். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு ஜோடியிலும் வோல்ட் சுழிக்கு வருவதைப் பார்க்க வேண்டும். பழைய பேனல்களில் மூன்று விளக்கு இதற்காகவே இருக்கும். மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் வரிசை ஒன்று, மூன்றும் இருட்டாகும் நொடியில் மூடலாம். ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகிற மாதிரி எரிந்தால் வரிசையே எதிர், மூடவே கூடாது.

வீட்டுக்கு மும்முனை இணைப்பு. நான் கவலைப்பட வேண்டுமா?

விளக்கு, ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் ஒரு ஃபேஸில் ஓடுபவை, வரிசை அவற்றுக்குத் தெரியாது. மும்முனை ஏ.சி., லிஃப்ட், மும்முனை பம்ப் இருந்தால் மட்டும் பாருங்கள்.

மோட்டாரை ஓட்டாமலே எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். யூ, வி, டபிள்யூ டெர்மினலுக்கு எல் 1, எல் 2, எல் 3 என்று முறையாகக் கொடுத்தால், தண்டு வெளியே நீட்டும் பக்கத்தில் நின்று பார்க்க மோட்டார் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்று ஐ.இ.சி. 60034-8 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. புது மோட்டாரில் இதை நம்பலாம். காயில் கட்டிய மோட்டாரில் சோதித்துத்தான் நம்ப வேண்டும். அதற்கென்று மோட்டார் திசை காட்டும் மீட்டர் இருக்கிறது. மூன்று டெர்மினலிலும் மாட்டிவிட்டுத் தண்டைக் கையால் ஒரு அரைச் சுற்று சுற்றினால், எந்தப் பக்கம் என்று விளக்கு காட்டும்.

அந்த மீட்டர் இல்லை என்றால் கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்: ஆன், உடனே ஆஃப். நிற்கப் போகும்போது தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நிதானமாகத் தெரியும். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் இன்னும் சுலபம். தண்டின் பள்ளத்தில் செருகியிருக்கும் சாவிக்கட்டை தளர்வாக இருந்தால் எடுத்துவிட்டுத் தட்டுங்கள், பறந்து வந்து அடிக்கும்.

சோதனை முடிந்த பிறகு எதைக் குறித்து வைப்பது?

பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். தேதி, எந்த டெர்மினலில் பார்த்தது, மீட்டர் காட்டியது வலமா இடமா, மூன்று ஜோடியின் வோல்ட், எங்காவது வயர் மாற்றியிருந்தால் எந்த இரண்டு என்று எழுதுங்கள். போர்வெல் என்றால் பக்கெட் நிரம்பிய நேரமும் வேண்டும். பென்சிலில் எழுதினால் மங்காது, பேனா மை மோட்டார் ரூம் ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. அந்தத் தென்னந்தோப்பு பேனலில் "20 லிட்டர், 9 நொடி" என்று நான் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. அதன் கீழே தோட்டக்காரர் தன் கையெழுத்தில் மாதாமாதம் நொடிக் கணக்கை எழுதிக்கொண்டு வருகிறார்.